மீற்றர் ஓடிவிட்டது, அழைப்புக் கிடைக்கவில்லை

என்னுடைய விசிட்டிங் கார்டில் உள்ள பதவிப் பெயர் ஒரு வரிக்குள் அடங்காது. அச்சகத்துப் பையன் எழுத்தைச் சிறிதாக்கித்தான் அதை உள்ளே தள்ளினான். என்ன வேலை என்று வெள்ளவத்தையில் சொந்தக்காரர் யாராவது கேட்டால் சுருக்கமாக இப்படிச் சொல்வேன்: ஒரு வங்கி, ஒரு தொலைபேசி நிறுவனம், ஒரு மென்பொருள் கம்பனி மூன்றும் கூட்டுச் சேர்ந்து போனில் காசு கட்டும் சேவை ஒன்றை நடத்துகின்றன. வியாபாரப் பக்கம் கேட்பதைத் தொழில்நுட்பப் பக்கத்துக்கும், தொழில்நுட்பப் பக்கம் மறுப்பதை வியாபாரப் பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான். "அப்ப தரகு வேலை எண்டு சொல்லன்" என்பார் பெரியப்பா. நான் மறுப்பதில்லை.

1990களின் நடுவில் கொட்டாஞ்சேனையில் இதே வேலையைத்தான் பார்த்தேன். அப்போது அதற்குக் கடைப்பொடியன் என்று பெயர். சம்பளத்தோடு மத்தியானச் சாப்பாடும் சேர்த்தி.

கடை என்றால் கொமியூனிகேஷன். இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். பலகையால் அடித்த கூடுகள், கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு போன், உட்கார ஒரு ஸ்டூல். வெளியே மேசையில் மீற்றர் பெட்டி. வாசலில் போட்டோகொப்பி, ஃபக்ஸ், ஐ.டி.டி. என்று மும்மொழிப் பலகை. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு தொலைபேசி கிடையாது. அங்கிருந்து பாஸ் எடுத்துக் கிளாலிக் கடலாலும் வன்னிக் காட்டாலும் வந்து சேர்ந்து, லொட்ஜில் அறையெடுத்து, ஏஜென்சிக்காரன் எப்போது ஏற்றுவான் என்று காத்திருந்த சனம் ரொறொன்ரோவுக்கும் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் கதைத்தது எங்கள் கூட்டுக்குள் இருந்துதான். அழைப்பு எடுத்தாலும் காசு, வந்தாலும் காசு. வெளிநாட்டிலிருந்து மகன் தன் செலவில் எடுக்கும் அழைப்புக்கு நாங்கள் எதற்குக் காசு வாங்கினோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஸ்டூலுக்கு வாடகை என்று முதலாளி சொல்லியிருப்பார்.

அந்தக் கடையும் முத்தரப்புக் கூட்டுத்தான். லைன் வீட்டுக்கார அன்ரியுடையது. ஒரு லைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது; அவருடைய கணவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது எடுத்து வைத்தது. இடமும் வாடிக்கையும் முதலாளியுடையவை, ஆள் புங்குடுதீவு. மீற்றரும் வயரிங்கும் வத்தளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் சிங்களவர் ஒருவருடையவை. மீற்றரை அவர் விற்கமாட்டார், பங்குக்குத்தான் வைப்பார். எங்கள் இப்போதைய அலுவலகத்தில் இதையே உட்கட்டமைப்புப் பங்காளி, வணிகப் பங்காளி, தொழில்நுட்பப் பங்காளி என்று படம் கீறி அம்புக்குறி போடுவோம். அப்போது எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியின் முதற்பக்கத்தில் இருந்தது. யாருக்கு எவ்வளவு என்று மூன்று வரி. அன்ரி தமிழில் கையெழுத்து வைத்தார், மீற்றர்க்காரர் சிங்களத்தில், முதலாளி இங்கிலீசில்.

இன்றைய ஒப்பந்தம் நூறு பக்கத்துக்கு மேல். அதற்கு அட்டவணைகள், அட்டவணைகளுக்கு இணைப்புகள். முழுவதையும் வாசித்தவர்கள் வழக்கறிஞர்கள் மட்டும். அவர்களும் தங்கள் தரப்புக்கு ஆபத்தான பக்கங்களைத்தான் வாசித்தார்கள் என்பது என் சந்தேகம்.

மீற்றர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. மறுமுனையில் ஆள் போனை எடுத்ததும் எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனில் ஓர் அடையாளம் வரும். மின்சாரத்தின் துருவம் மாறும். அதைக் கண்டதும் மீற்றர் ஓடத் தொடங்கும். ஆனால் அந்த ஏற்பாடு எல்லா லைனிலும் இருக்காது. அன்ரியின் லைன் வீட்டுக்கென்று எடுத்த லைன். அதனால் எங்கள் மீற்றருக்கு ஆள் எடுத்தது தெரியாது. இலக்கம் சுழற்றி முடித்துச் சில விநாடி போனால் எடுத்துவிட்டான் என்று தானாகவே முடிவுகட்டி ஓடத் தொடங்கும். பாரிசில் மணி அடித்துக்கொண்டிருக்கும்; கொட்டாஞ்சேனையில் ரூபாய் ஏறிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல் போன காலம்.

"தம்பி, நான் வாயே திறக்கேல்லை, இதென்ன கணக்கு?" என்று சீலைத் தலைப்பை உதறிக்கொண்டு ஆச்சி ஒருவர் வெளியே வருவார். நான் மீற்றரைக் காட்டுவேன். மீற்றருக்கு ஆச்சியைத் தெரியாது. முதலாளி எழும்பி வந்து, ரோலைக் கிழித்து, "விடுங்கோ ஆச்சி, இன்னொருக்கா அடிச்சுப் பாருங்கோ, இதுக்குக் காசு வேண்டாம்" என்பார். ஆச்சி போன பிறகுதான் சண்டை தொடங்கும். மீற்றர்க்காரர் வந்தால் லைன் பிழை என்பார். அன்ரி மாடியிலிருந்து இறங்கி வந்து, தன் புருஷன் இருந்த காலத்தில் லைனில் ஒரு குறையும் இருக்கவில்லை, மீற்றர்தான் அவசரக்காரன் என்பார். எதிரே தேத்தண்ணிக் கடையில் மூன்று பிளேன்ரீ சொல்லி, அந்த மாதம் கழிந்துபோன காசை மூன்றாகப் பிரித்து எழுதுவார்கள். தீராத பகுதியை முதலாளி தன் தலையில் போட்டுக்கொள்வார்.

அவர் தர்மவான் என்று நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு விநாடி கூடினாலும் முழு நிமிடக் காசு வாங்கியவர். மீற்றர்க்காரரின் பையில் மீற்றரைக் கொஞ்சம் வேகப்படுத்தும் வித்தையும் இருந்தது. அது எப்போது பாவிக்கப்பட்டது என்று நான் கேட்டதில்லை. ஆச்சிக்குக் காசைத் திருப்பியதற்குக் காரணம் வேறு. ஆச்சி வாசலில் நின்று சத்தம் போட்டால் அடுத்த ஒழுங்கைக் கொமியூனிகேஷனுக்குப் பத்துப் பேர் போய்விடுவார்கள். நட்டத்தைச் சுமக்க வேண்டியவனும் ஆச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டியவனும் ஒரே ஆள். அவ்வளவுதான் இரகசியம்.

1996ஆம் ஆண்டு எங்கள் கூட்டுக்குச் சோதனையாக வந்தது மின்சாரத் தட்டுப்பாடு. அரசாங்கம் வெளிச்சத்தைச் சேமிக்க மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. "சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு எடு" என்று கடிதத்தில் எழுதிவிட்டு வந்திருக்கும் தாய்க்கு ரொறொன்ரோ மகனின் ஏழு மணி எது? அந்த ஒக்ரோபர்ச் சனி, ஞாயிறில் இங்கே கடிகாரம் மாற, கனடாவிலும் கோடை நேரம் முடிந்து கடிகாரம் மாறியது. பத்தரை மணித்தியால வித்தியாசம் பதினொன்றானது. முதலாளி அதற்குக் கண்ட தொழில்நுட்பத் தீர்வு, கடைக்குள் இன்னும் இரண்டு வாங்கு போட்டதுதான். வந்து இருங்கோ, வரும்போது வரட்டும். இப்போது என் கூட்டங்களுக்குக் கணினிக் காலண்டர் எல்லா நாட்டு நேரத்தையும் தானே மாற்றித் தருகிறது. அப்படியிருந்தும் ஏன் ஒரு தரப்பு எப்போதும் பதினைந்து நிமிடம் பிந்தி வந்து, "என் குரல் கேட்கிறதா" என்று கேட்கிறது என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் விடை இல்லை.

எங்கள் கூட்டு உடைந்த கதை சின்னது. 1996இல் சன்ரெல், லங்கா பெல் இரண்டும் கம்பியில்லாத் தொலைபேசியோடு வந்தன. 1997இல் அரசாங்கமே ஜப்பானின் என்.ரி.ரி.யைக் கூட்டாளியாகச் சேர்த்து ஸ்ரீலங்கா ரெலிகொமின் 35 சதவீதத்தையும் நிர்வாகத்தையும் கொடுத்தது. லைன் கிடைப்பது அதிசயமில்லை என்று ஆனதும் அன்ரியின் பங்கு கரைந்தது. வெளிநாட்டு அழைப்புகளில் ரெலிகொமுக்கு இருந்த தனியுரிமை 2002இல் முடிந்து, அடுத்த ஆண்டு மற்றவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் கொடுத்தபோது அழைப்புக் கட்டணம் சரிந்தது. முதலாளியின் பங்கு போனது. லொட்ஜ்ச் சனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. வாடிக்கையாளரை இழப்பது பற்றி இன்றைய கூட்டங்களில் அழகான வரைபடங்கள் காட்டுவார்கள். எங்கள் வாடிக்கையாளரை இழந்த விதத்துக்கு அவற்றில் நிறம் இல்லை.

இனி இன்றைய கதை. முன்னேற்றம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். மத்திய வங்கியும் வணிக வங்கிகளும் சேர்ந்து 2002இல் உருவாக்கிய லங்காகிளியர், இப்போது லங்காபே, 2006இல் காசோலையைப் படமாக அனுப்பித் தீர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுவே முதல். 2015 முதல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு அந்தக் கணமே போகிறது. 2018இல் லங்கா கியூஆர். எந்த வங்கியின் செயலியாலும் ஒரே சதுரத்தைப் படம்பிடித்துக் காசு கட்டலாம். 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூபிஐயும் இங்கே வந்தது. வெட்டுக்கொத்தாகப் போட்டியிடும் வங்கிகளை ஒரே சதுரத்துக்குள் இருத்தியது சின்ன வேலையில்லை. ஆனாலும் காலி வீதியில் எந்தக் கல்லாவையும் பாருங்கள், ஒவ்வொரு வங்கியும் தன் அட்டையைத் தனியாக ஒட்டியிருக்கும். ஒன்று போதும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதிலும் எல்லோரும் ஒற்றுமை.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை. ஒரு பெண் சேலை எடுத்து, போனால் படம்பிடித்துக் காசு கட்டினார். அவருடைய கணக்கில் 12,400 ரூபாய் குறைந்துவிட்டது. கடைக்காரரின் போனில் காசு வந்த தகவல் இல்லை. நடந்தது இதுதான். வங்கியின் கணினி காசைக் கழித்து, நடுவில் இருக்கும் மென்பொருளுக்குச் சேதி அனுப்பியது. நடுவில் இருப்பது குறித்த விநாடிகள் வரைதான் காத்திருக்கும். பதில் வரச் சுணங்கியது. தோல்வி என்று எழுதி மூடிவிட்டது. அதற்குப் பிறகு பதில் வந்தது, வெற்றி என்று. ஒருவர் பதிவேட்டில் காசு போனது, மற்றவர் பதிவேட்டில் வரவேயில்லை. இரண்டு பதிவேடும் உண்மை.

கடைக்காரர் என்னை அழைத்தார். "தம்பி, அவ இஞ்சைதான் நிக்கிறா. நான் என்ன சொல்ல?"

முறைப்பாட்டு டிக்கெட் இலக்கம் தருகிறேன் என்றேன்.

"டிக்கெட்டோ? அவ பஸ்ஸிலை வந்தவ, டிக்கெட் கைவசம் இருக்குமாம். சேலைக்கு என்ன வழி?"

கொல் ஒன்று கூட்டினேன். ஒரு டசின் முகம் திரையில் வந்தது. வங்கி: எங்கள் பக்கம் வெற்றி. மென்பொருள்: எங்கள் சோதனைச் சூழலில் இது நடக்கவில்லை. தொலைபேசி நிறுவனம்: வலையமைப்பு நன்றாக இருந்தது, வரைபடம் இணைத்திருக்கிறோம். வியாபாரப் பிரிவு இது தொழில்நுட்பக் கோளாறு என்றது. தொழில்நுட்பப் பிரிவு இல்லை, காசைத் திருப்புவதா, கடைக்குச் சேர்ப்பதா என்பது வியாபார முடிவு என்றது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். இப்படியான வேளையில் "தரப்புகள் நல்லெண்ணத்துடன் கலந்தாலோசிக்கும்" என்று இருந்தது. நாங்களும் நல்லெண்ணத்துடன் கலந்தாலோசித்துக்கொண்டுதான் இருந்தோம். கோளாறுகளுக்குத் தரம் உண்டு, பாதிக்கப்பட்டோர் தொகையை வைத்து. ஒரு கடை, ஒரு சேலை என்றால் நாலாம் தரம். கணக்கு ஒப்புநோக்கும் கோப்பு அடுத்த வேலை நாளில் வரும். சனி, ஞாயிறு, திங்கள் தீபாவளி. ஆகச் செவ்வாய்.

கடைக்காரர் காத்திருக்கவில்லை. அடையாள அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு சேலையைக் கொடுத்துவிட்டார். காசு செவ்வாய்க்கிழமை சேர்ந்தது. எங்கள் மாத அறிக்கையில் அந்தச் சம்பவம், குறித்த காலத்துக்குள் தீர்க்கப்பட்டது என்று பச்சை நிறத்தில் இருந்தது.

அந்தப் பச்சை நிறத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒவ்வொரு பங்காளியும் 99.9 சதவீதம் சேவை நிற்காது என்று கையெழுத்து வைத்திருக்கிறார். 99.9 என்றால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணித்தியாலம் நிற்கலாம். ஆனால் கடைக்காரருக்கு மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். மூன்று 99.9ஐப் பெருக்கினால் 99.7. ஆண்டுக்கு இருபத்தாறு மணித்தியாலத்துக்கு மேல். மூன்று பேரும் சொன்ன சொல் தவறவில்லை. கடை ஒரு நாளுக்கு மேல் நின்றது. இதில் முன்னறிவித்த பராமரிப்பு நேரம் சேராது. அந்த முழுத்தொகைக்கு யார் பொறுப்பு என்று நான் ஒருமுறை கூட்டத்தில் கேட்டேன். நல்ல கேள்வி என்று எல்லோரும் பாராட்டி, கூட்டக்குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

பெயர்ப் பிரச்சினை இன்னொன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால் எழுத்தாக நிற்கும். வங்கியில் முதலெழுத்தோடு, சிம் எடுத்த இடத்தில் முழுதாக, அடையாள அட்டையில் சிங்கள எழுத்திலிருந்து வேறொரு உச்சரிப்பில் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர். 2016க்கு முந்திய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், பிந்தியதில் பன்னிரண்டு இலக்கம். மூன்று பங்காளிகளின் கணினியும் ஒத்துப்பார்த்துவிட்டு "இவர் நீங்களில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லும். கொட்டாஞ்சேனையில் ஓர் ஆளை மடக்க முன்பு சோதனைச்சாவடி வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் மாறாக ஒரு கூட்டு உண்மையில் ஓடியதையும் கண்டேன். 2022இல் எரிபொருள் இல்லாமல் வெள்ளவத்தையில் வரிசைகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை வளைந்து கிடந்தன. ஜூலையில் எரிபொருள் அட்டை வந்தது. அரசாங்க நிறுவனமும் தனியார் மென்பொருளாளரும் தொலைபேசிக்காரரும் சேர்ந்து கட்டியது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. பெற்றோல் செட்டில் வேலை செய்யும் பையன் கைப்போனால் சதுரத்தைப் பிடித்தால் மிச்சம் எவ்வளவு என்று காட்டும். தொடக்கத்தில் தடுமாறியது, பிறகு நாடு முழுவதும் ஓடியது. மாதக்கணக்கில் முடியும் வேலை எப்படிக் கிழமைக் கணக்கில் முடிந்தது? கோளாறு வந்தால் வரிசையில் நிற்கும் நானூறு பேர் அந்த இடத்திலேயே கேட்பார்கள். நாலாம் தரம், செவ்வாய்க்கிழமை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு ஒருவராலும் வீட்டுக்குப் போக முடியாது.

ஆகவே அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன்: காசு கழிந்து சேவை கிடைக்காவிட்டால், முதலில் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு பங்காளிகள் தங்களுக்குள் சண்டை பிடிக்கட்டும், அதற்கென்று மூவரும் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கட்டும். வழக்கறிஞர்கள் மூவரும் இதை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் மூவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இது.

அந்த வரி வரும் வரைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லலாம். காசு கழிந்து சாமான் கைக்கு வராவிட்டால், கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவரும் உங்களைப் போலத்தான். திரையைப் படமெடுத்து வையுங்கள், வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள், இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவு இருக்கிறது. இலக்கம் 1935.